ஐந்து மூச்சு

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றான்.

“அண்ணன் மாதிரி நில்லு” என்றான் மனைவியிடம்.

செண்பகவல்லி அடுப்பில் இட்லியை வைத்துவிட்டு வந்திருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். தாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றாள். கட்சியின் மாவட்டச் செயலாளர் வேடம் அவளுக்கு நன்றாகவே பொருந்தியது.

“சால்வை உண்டா, வெறுங்கையா?”

“பேசாம நில்லு. அண்ணன் பேச மாட்டாரு.”

இன்று அண்ணனுக்குப் பிறந்தநாள். எட்டு மணிக்கு வரிசை. காலில் விழுகிறவர்களுக்குள்தான் கவுன்சிலர் வேட்பாளர் இருப்பார். கும்பிட்டுவிட்டு நகர்கிறவர்கள் தேர்தலன்று பூத்தில் உட்காருவார்கள்.

மூன்று வருடமாக அவன் கும்பிட்டுவிட்டு நகர்கிறவன்.

“என்னப்பா, இப்பல்லாம் குனியுறதே இல்ல?” என்று போன வருடம் அண்ணனே கேட்டுவிட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அதுதான் பயம்.

முன்பெல்லாம் அப்படியில்லை. இருபது வருடம் அவனுடைய இடுப்பு கட்சிக்கு ஆற்றிய பணி சாதாரணமானதல்ல. அண்ணன் கார் கதவைத் திறந்தால் விழுந்தான். மூடினாலும் விழுந்தான். ஒருமுறை கார் காலியாக வந்தது. அதற்கும் விழுந்தான்.

பிறகு ஒரு பிறந்தநாளில், விழுந்தவன் எழவில்லை.

இடுப்பில் யாரோ ஆணி இறக்கியதுபோல் இருந்தது. அண்ணன் காலடியிலேயே கிடந்தான்.

விசுவாசம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

ஊசி, பெல்ட், தைலம், ஸ்கேன். கடைசியில் அரசு மருத்துவமனை மாடியில், முதுகுவலிக்காரர்களுக்கான யோகா வகுப்பு. செவ்வாயும் வெள்ளியும்.

“நான் யாருன்னு தெரியுமாம்மா?” என்று முதல் நாளே கேட்டான், பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தாவிடம்.

“தெரியும் சார். நாலாவது பாய்.”

மூன்றாவது பாயில் ஒரு பஸ் கண்டக்டர். ஐந்தாவதில் பூக் கட்டுகிற அம்மாள். நடுவில் அவன், பூனைபோல் முதுகைத் தூக்கிக்கொண்டு, பசுபோல் இறக்கிக்கொண்டு. கட்சிக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கமாக இருந்தது.

இரண்டாவது மாதம், வியாழக்கிழமையே வெள்ளிக்கிழமையை நினைக்க ஆரம்பித்தான்.

“வலி வந்துரும் வந்துரும்னு இறுக்கிப் புடிக்காதீங்க சார். மூச்சை விட்டுக்கிட்டே குனிங்க. எங்க சுகமா இருக்கோ, அங்க அஞ்சு மூச்சு இருங்க.”

அந்தப் பெண் சொன்னது அவ்வளவுதான். ஐந்து மாதமும் அதையேதான் சொன்னாள்.

கூடத்தில் இப்போது மூச்சை விட்டான்.

குனிந்தான்.

முட்டி தரையைத் தொட்டது. கை தொட்டது. பிறகு, நெற்றி.

வலிக்கவில்லை.

ஒன்று.

தரை குளிர்ந்திருந்தது. கண்ணெதிரே அண்ணனின் பாதம்.

அண்ணன் மெட்டி போட்டிருந்தார்.

இரண்டு.

மெட்டி தேய்ந்து கம்பியாகியிருந்தது. இந்தக் கால்களுக்காக அவன் குனிந்தது ஒரே முறைதான், அந்த மெட்டியைப் போட. போட்டோக்காரர் கேட்டதால் இரண்டு முறை.

மூன்று.

மூன்று வருடம். அவன் காலில் செருப்பை மாட்டியவள். நகம் வெட்டியவள். கீழே விழுந்த சோப்பு, பேனா, துண்டு, எதுவானாலும் அவனுக்குப் பதிலாகக் குனிந்தவள்.

ஒருவரும் கைதட்டியதில்லை.

பாதத்தின் ஓரங்களில் வெடிப்பு. எப்போது வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நான்கு.

வாசலில் கார் ஹாரன். அவனைக் கூட்டிப்போக வந்த கட்சிப் பையன். “அண்ணே, வரிசை ஆரம்பிச்சுட்டாங்களாம்! வாங்கண்ணே!”

ஐந்து.

எழுகிற முறையும் ஜெசிந்தா சொல்லிக் கொடுத்திருந்தாள். முதலில் கை, பிறகு ஒரு முட்டி.

அவன் அசையவில்லை.

மேலே குரல் பதறியது. அண்ணன் வேடம் கலைந்திருந்தது.

“ஏங்க, திரும்பப் புடிச்சுக்கிச்சா? எந்திரிக்க முடியலையா?”

“முடியுது.”

ஹாரன் விடாமல் அடித்தது.

அவளுடைய கால் கூசிப் பின்வாங்கப் பார்த்தது. விரல்களால் மெல்லப் பிடித்துக்கொண்டான்.

ஆறு.