சுவரில் பொன்னி

14 அக்டோபர் 1982, வியாழன்.

சின்னத் தவறு ஒன்று செய்துவிட்டேன். மார்க்கெட் சுவரில் நான் வரைந்த பொன்னியக்காவுக்கு மூக்குத்தி இடப்பக்கம் இருக்கிறது. அவர் குத்தியிருப்பது வலப்பக்கம்.

நேற்று அவரே கண்டுபிடித்தார். "இது யாரு தம்பி, எங்க நாத்தனாரா? அவதான் எடப்பக்கம் குத்திக்கிட்டு மினுக்குவா."

இந்த வடநாட்டு ஊரில், தமிழர்கள் நிறைந்த எங்கள் காலனியில் உழைக்கிறவர்களைச் சுவரில் வரைய வேண்டும் என்று நகரசபை பெயிண்டும் ஏணியும் கொடுத்தது. மாலை வகுப்பில் ஓவியம் படிக்கும் என்னை எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று இன்னும் புரியவில்லை. அந்தச் சுவருக்கு முன்னால், வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் பொன்னியக்காவையே வரைந்தேன்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது கவுன்சிலர் வந்தார். சனிக்கிழமை திறப்பு விழா. என்னை மட்டும் சாலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் நின்று, இடமும் வலமும் நகர்ந்து பார்த்தார்.

"அச்சா, அச்சா. இங்கிருந்து முழுசாத் தெரியுதா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"பாதிதான் தெரியும், சார்," என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். ஆனால் முழுப்படமும் தெரிய வேண்டும் என்ற ஆசை என் குரலில் இருந்திருக்கும்.

இன்று வகுப்புக்குப் போகும் முன், மூக்குத்தியை மாற்றச் சின்னத் தூரிகையோடு போனேன். மரத்தடியைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பொன்னியக்கா நடைபாதை ஓரத்தில், துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். இஸ்திரிப் பெட்டி மடியில் இருந்தது. அதில் கரி இல்லை.

"என்னக்கா, இன்னைக்கு லீவா?"

அவர் ஒரு மூட்டையின் முடிச்சை இறுக்கினார். மூக்குத்திக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்பவே மாத்திடறேன்க்கா. கொஞ்சம் இப்படித் திரும்புங்க."

"அது கெடக்குது வுடு. இந்தத் துணியெல்லாம் வீடு வீடாத் திருப்பிக் குடுக்கணும். மேல் வீட்டு சாந்தகுமாரியம்மா இப்பத்தான் கத்திட்டுப் போவுது, நாளைக்கு ஆபீசுக்கு அவங்க ஊட்டுக்காரருக்குச் சட்டை இல்லையாம். நானா கட்டிக்கிட்டேன் அவர?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏன்க்கா தேய்க்கல? உடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு என்ன. காலைல நகரசபை லாரி வந்துச்சு. மேசையத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க வூட்டுக்காரரு லாரி பின்னாலயே ஓடுனாரு, இன்னும் காணோம்."

"எதுக்கு எடுத்தாங்க?"

பொன்னியக்கா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அங்கே அவர் தன் மேசைமேல் குனிந்து, யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

"படத்த மறைக்குதுன்னு யாரோ சொன்னாங்களாம்."

வகுப்புக்குப் போகவில்லை.

நாளை: நகரசபை அலுவலகம் திறந்ததும் மேசையைக் கேட்க வேண்டும். அதற்கு முன், சொன்னது யார் என்று பொன்னியக்காவிடம் சொல்ல வேண்டும்.