கல் புத்தகத்தில் கூடு

ஸ்லாவிய மக்களுக்கு எழுத்து உண்டாக்கித் தந்த அண்ணன் தம்பிக்கு ஒரு ஊர்ச் சதுக்கத்தில் சிலை வைத்திருந்தார்கள். அண்ணன் கையில் விரிந்திருந்த கல் புத்தகத்துக்குள் ஒரு புறா முட்டையிட்டு அடைகாத்தது.

"நாளைக்கு எழுத்துத் திருநாளாமே, அண்ணே. ஊரே உன்னைப் பார்க்க வருமாம். என் முட்டைகளை எடுத்து எறிந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்று புறா புத்தகத்திடம் அழுதது.

"பேசாமல் படு, தாயி. நானும் வருஷா வருஷம் பார்க்கிறேனே," என்றது புத்தகம்.

மறுநாள் கூட்டம் கூடியது. காலடியில் பூவைக் குவித்தார்கள், எழுத்தின் பெருமையை மைக்கில் முழங்கினார்கள், சிலையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதுவரை சாமியைக் கும்பிட்டபடி கிடந்த புறா மெல்லக் கண்ணைத் திறந்தது.

"கடவுள் காப்பாற்றினார், அண்ணே. ஒருத்தர்கூட உன்னை எட்டிப் பார்க்கவில்லை."

"சரி சரி, அதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்லேன்," என்றது புத்தகம்.