ரிட்டர்ன் டிக்கெட்

"என்ன வாலு, சந்தைக்கடையில நின்னா பேசற? காது கிழியுது!"

போனில் வந்த அப்பாவின் குரலில் எரிச்சலைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. வாலுவுக்கு அது போதும். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"காபிக் கடைப்பா. காலேஜுக்கு எதிர்லயே இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னா எங்க செட்டு மொத்தமும் இங்கதான் கூடும்."

கோப்பையும் தட்டும் உரசும் சத்தம், நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம், அதற்கும் மேலே ஒரு சின்ன இருமலோடு ஒரு பெண்ணின் கலகலவென்ற சிரிப்பு. வாலு குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள்.

படம் எடுக்கும் படிப்புக்காக அவள் கடல் தாண்டி வந்து மூன்று மாதம் ஆகிறது. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருக்கும் அப்பா அரை மனசோடுதான் அனுப்பி வைத்தார். அவருடைய தம்பி இப்படித்தான் வெளிநாடு போய், பேச ஆளில்லாமல் ஆறே மாதத்தில் பாதியாக இளைத்துத் திரும்பி வந்தார். அந்தப் பயம் அப்பாவுக்கு இன்னும் போகவில்லை. 'ஒரு டெர்ம் பாப்பேன். தனியா மூலையில உக்காந்து மூக்கைச் சிந்தறேன்னு தெரிஞ்சுது, படிப்பாவது ஒண்ணாவது, பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடணும்' என்று விமான நிலையத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த டெர்ம் இன்னும் பத்து நாளில் முடிகிறது.

"டிக்கெட் போடற பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார் அப்பா. "வர்றதுக்கு மட்டும் போடவா, திரும்பிப் போகவும் சேத்துப் போடவா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாப்பா? சேத்துதான் போடணும். சவுண்டு ரெக்கார்டிங்ல நான்தான் முதல் மார்க்கு, தெரியுமா?"

"மார்க்கைத் தூக்கி அந்தப் பக்கம் வை. அது பேச்சுத் துணைக்கு வருமா? வீடியோவுல வா, உன் ஃப்ரெண்ட்ஸையெல்லாம் ஒரு தடவை பாத்துடறேன்."

வாலு கொஞ்சமும் அசரவில்லை.

"நாங்கள்லாம் கேமராவுக்குப் பின்னாடி நிக்கற ஆளுங்கப்பா. முன்னாடி வரச் சொன்னா தலைதெறிக்க ஓடிடுவோம். வேணும்னா உங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லச் சொல்றேன், இருங்க." போனைச் சற்றே தள்ளிப் பிடித்தாள். "ஏய்! எங்கப்பா லைன்ல இருக்காரு. சொல்லிக் கொடுத்தேனே, அதைச் சொல்லு!"

"வன... வனக்கம் அங்கிள்!" என்றது ஒரு பெண் குரல். கூடவே எல்லோருமாகக் கொல்லென்று சிரிக்கும் சத்தம்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வணக்கம்மா, வணக்கம்! நல்லா இருக்கியா? எங்க வாலு உங்களை ரொம்பப் படுத்தறாளா?"

பதிலுக்கு மறுபடியும் அதே சிரிப்பு அலையடித்தது.

"பாத்தியா, ஒருத்தரும் இல்லன்னு சொல்லலையே! நீ போன இடத்துலயும் திருந்தல" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். மூன்று மாதமாக அவர் இப்படிச் சிரித்து வாலு கேட்டதில்லை. அவளுக்கும் மனசு நிறைந்துவிட்டது.

"அம்மா எங்கப்பா? பேச்சையே காணோம்?"

"எங்க போவா? ஸ்பீக்கருக்குப் பக்கத்துலதான் பட்டன் தெச்சுக்கிட்டிருக்கா. காதை மட்டும் உனக்குக் குடுத்திருக்கா." அப்பா திரும்பிக் கேட்பது தெளிவாகக் கேட்டது. "என்ன, உன் பொண்ணு சொல்றதைக் கேட்டியா? என்ன பண்ணலாம்?"

தையல் வேலைக்கு நடுவில் அம்மா நிதானமாகச் சொன்னாள். "ரிட்டர்னே போடுங்க. இவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல இருக்கறவளை எதுக்குப் பிரிச்சுக் கூட்டிட்டு வரணும்?"

கீபோர்டில் டொக் டொக்கென்று சத்தம். வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"போட்டாச்சு!" என்றார் அப்பா. "இனிமே நானே நினைச்சாலும் மாத்த முடியாது. சரி, அம்மாகிட்டப் பேசு. நான் டியூட்டிக்குக் கிளம்பறேன்."

வாசல் கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. அம்மா போனைக் கையில் எடுத்து, ஸ்பீக்கரை அணைத்தாள்.

"அப்பா போயாச்சு. கூட்டத்தைக் கொஞ்சம் நிறுத்து கண்ணு."

"எப்படிம்மா? கடையில எல்லாரும்தானே பேசறாங்க. நானா போய் வாயைப் பொத்த முடியும்?" என்றாள் வாலு, அதே மிடுக்கோடு.

"ஆறு வாரமா அதே பொண்ணு, ஒரு இருமலை இருமிட்டு, அதே மாதிரி சிரிக்கறா. உங்கப்பாவும் எத்தனை நாள்தான் கவனிக்காம இருப்பாரு? அவருக்கு வேற ஒண்ணு பதிவு பண்ணி வெச்சுக்கோ. எனக்கு எதுவும் வேணாம். டிக்கெட்தான் போட்டாச்சே, எங்கிட்ட அழணும்னா தாராளமா அழு."

வாலு மெல்லக் கையை நீட்டி லேப்டாப்பில் ஒரு பட்டனை அழுத்தினாள். காபிக் கடை மொத்தமும் ஒரே நொடியில் அடங்கிப்போக, ஒற்றைக் கட்டில் போட்ட அந்தச் சின்ன ஹாஸ்டல் அறையில் அவள் விசும்பும் சத்தம் மட்டும் கேட்டது.