விளக்கு வைக்காத வெள்ளிக்கிழமை

எல்லாரும் சௌக்கியமா? யாருக்கும் முட்டிவலி கூடவில்லையே? போன மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, திருவிடந்தை வேதவல்லிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

புருஷன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வீடு தன் பங்கு என்று கொழுந்தன் எத்திராஜ் பூட்டோடு வந்து நின்றான். செங்கல்பட்டு கோர்ட்டில் வாங்கிய தடை உத்தரவோடு மகள் மறுநாள் காலையில்தான் வருவாள். அதுவரை வேதவல்லிக்கு ஒரே நம்பிக்கை விளக்குதான். விளக்கு வைத்தபின் வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பினால் லட்சுமியே போய்விடுவாள் என்று அந்தக் குடும்பம் பயப்படும். அதனால் பொழுது சாயும்வரை நேரத்தைக் கடத்த, மடித்த புடவையையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குச் சூரியன் சவுக்குத் தோப்புக்கு மேலே நின்றது. ஆறே முக்காலுக்கும் அங்கேயே நின்றது. கிணற்றடிக் கம்பத்தின் நிழல் ஒரு விரல்கூட நகரவில்லை.

"விளக்கு வெக்கிற நேரமாச்சு எத்திராஜு."

"இன்னா அண்ணி, வெயிலு சுள்ளுனு கீது, இப்ப போயி விளக்கா? கடியாரத்த பாக்காத, வானத்த பாரு. கெளம்பு."

ஏழே காலுக்கு அவள் மூட்டையோடு படியிறங்கினாள். அவன் பூட்டைப் பூட்டினான். சாவியை உருவிய கணமே கும்மிருட்டாகிவிட்டது.

பூமி சுற்றாமல் நின்றால் எல்லாரையும் தூக்கி எறிந்துவிடும் என்று மகள் பள்ளிக்கூடத்தில் படித்தது அவளுக்கு நினைவு வந்தது. தெருவில் ஒரு குடம்கூடக் கவிழ்ந்திருக்கவில்லை.

உங்கள் ஊரில் அன்றைக்கு எத்தனை மணிக்கு இருட்டியது? யோசித்துப் பார்த்து எழுதுங்கள்.