லிஸ்ட்டில் இல்லாத பொருள்

"பொதுச் சாமானை மட்டும் எடுத்து வெளியில வை" என்றார் வீரராகவன்.

வித்யாலட்சுமி தோளிலிருந்து பையை இறக்கினாள்.

கல்கத்தா சியால்டா ஸ்டேஷனில் துர்கா பூஜை விடுமுறைக் கூட்டம். வெளியே யாரோ வங்காளத்து டாக் மேளத்தை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். டார்ஜிலிங் மெயில் கிளம்ப இன்னும் இருபது நிமிடம்.

அவள் மலைக்கு வரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அது அவளுக்குச் சொல்லப்பட்டது.

வீரராகவன் வாரத்தில் ஐந்து நாள் துறைமுக அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசர். மீதி இரண்டு நாள் இமயமலைக்குச் சொந்தக்காரர். தென்கல்கத்தா தமிழ் இளைஞர் மலையேற்றக் குழுவின் நிறுவனர், தலைவர், நாற்பத்தாறு வயது இளைஞர். கழுத்தில் விசில்.

அவருடைய வாழ்நாள் சாதனை ஒரு லிஸ்ட். சைக்ளோஸ்டைல் செய்தது. இடப்பக்கம் பொது, வலப்பக்கம் சொந்தம். பொதுவை எல்லோரும் பங்கிட்டுச் சுமக்க வேண்டும். சொந்தம் அவரவர் முதுகில்.

கூடாரம் பொது. பாத்திரம் பொது. மலை உச்சியில் பிடித்துப் படமெடுக்க வேண்டிய பேனர் பொது. தலைவர் உட்காரும் மடக்கு நாற்காலியும் பொதுதான். அவருடைய வெந்நீர்ப் பை, முதலுதவி என்ற தலைப்பில் புகுந்து பொதுவாகியிருந்தது. அவர் சொந்தமாகச் சுமந்தவை பைனாகுலர், விசில், அபிப்பிராயங்கள்.

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் வித்யாலட்சுமியின் பங்கு. லேக் மார்க்கெட்டில் அவள் அப்பாவுக்கு வடைக் கடை. ஸ்டவ்வோடு வளர்ந்த பெண். இந்தப் பயணத்துக்காக இரண்டு மாதம், பையில் பத்துக் கிலோ உளுந்தைப் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறி இறங்கினாள். பனியை ஒரு தடவை கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அந்த ஆசை பொது நலனுக்கு இடைஞ்சல் என்பது அன்று மாலைதான் தெரியவந்தது. துறைமுகத்தில் வீரராகவனின் மேலதிகாரிக்கும் மேலதிகாரியாக இருந்தவரின் மகன் கௌசிக், கிடர்பூர் குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீஸ் காரில் வந்து இறங்கினான். புது ஷூ. புதுப் பை, விலைச்சீட்டுகூடப் பிய்க்காதது. மலை பார்க்கணுமாம்.

இருந்தது பத்துப் படுக்கை, இவனோடு ஆள் பதினொன்று. டிக்கெட்டில் யார் பெயர் இருந்தால் என்ன, டி.டி.ஆரிடம் தலைவர் பேசிக்கொள்வார்.

"ஒனக்கு மூச்சு வாங்கறதும்மா. மேல ஒருத்தர் படுத்துண்டா மொத்த டீமுக்கும் கஷ்டம். பொது நலம்னு ஒண்ணு இருக்கோன்னோ?"

அவளுக்கு மூச்சு வாங்கியது உண்மை. அந்தக் கூட்டத்தில் அவருடைய நாற்காலியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

மற்றவர்கள் ரயில் என்ஜினைப் பார்த்தார்கள், டீக்காரனைப் பார்த்தார்கள். வாய் திறப்பவன் பைக்கு நாற்காலி போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டவ் வெளியே வந்தது. புனல் வந்தது. கரண்டி இரண்டு வந்தன. தலைவர் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்தார். ஒப்படைத்ததற்கு அவளிடம் கையெழுத்தும் வாங்கினார்.

அதிலும் திருப்தி இல்லை. பைக்குள் கையை விட்டார். அடியில் ஒரு காகிதப் பொட்டலம்.

பிரித்தார். ஸ்டவ் பின்கள். விரல் நீளத் தகரத் துண்டு, நுனியில் மயிரிழைக் கம்பி.

போன மாதம் லேக் கரையில் நடந்த ஒத்திகையில் எண்ணெய் வரும் துவாரம் அடைத்துக்கொண்டு ஸ்டவ் அணைந்தது. வித்யாலட்சுமி இந்தப் பின் ஒன்றை வைத்துத்தான் ஒரு குத்துக் குத்தி எரிய வைத்தாள். தலைவர் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு குழு உணர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உப்புமா வெந்ததற்கும் குழு உணர்வே காரணம் என்று முடித்தார். பின்னை லிஸ்ட்டில் சேர்க்கலாமே என்று அவள் கேட்டதற்கு, நாலணாச் சாமானுக்கெல்லாம் பொதுவில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

"சார், அது இல்லன்னா ஸ்டவ்வு..."

"லிஸ்ட்ல இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு."

அவள் லிஸ்ட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இல்ல சார்."

"அப்போ சொந்தம். அடுத்தவா சொந்தத்துல நாங்க கை வெக்கறதில்லை."

பொட்டலத்தை மடித்து அவள் பைக்குள் அவரே போட்டார். கயிற்றையும் அவரே இறுக்கிக் கட்டினார். கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

ரயில் நகர்ந்தபோது வித்யாலட்சுமி பிளாட்பாரத்தில்தான் நின்றாள். தன்னுடைய ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்திருந்த கௌசிக்கைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

ஏறத் தொடங்கிய மூன்றாம் நாள், பதிமூவாயிரம் அடியில், ஸ்டவ் அடைத்துக்கொண்டது. தலைவர் பேனர் கட்டிய கம்பியை எடுத்துக் குத்தினார். துவாரம் அகலமாகி ஸ்டவ் ஒரேயடியாக ஓய்ந்தது. கீழே இறங்கி வரும்வரை பத்துப் பேரும் பச்சரிசியை ஊறவைத்துத் தின்றார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து தின்றார்.

அந்த விலைச்சீட்டுப் பையன் நான்தான்.

எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு. அதைக்கூட நான் பற்றவைத்ததில்லை. ஸ்டவ் பின் எதற்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவள் சிரித்ததைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகக் கையை வேறு ஆட்டினேன்.