முதல்ல மூணாம் தெரு

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்துச்சாம்.

அதை வைத்தபோது நாலு தெருவுக்கும் சேர்த்து முப்பது வீடு. வீட்டுக்கு ரெண்டு ஃபேன். இப்போது அதே நாலு தெருவில் முப்பது அடுக்குமாடி. வருஷா வருஷம் வெயில் ஏற ஏற, ஜன்னலுக்கு ஒரு ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் அதே பழைய ஒண்டிக்கட்டை.

மத்தியானம் ரெண்டு மணியானால் அது உறும ஆரம்பிக்கும். லைன்மேன் ஓடி வந்து ஏதாவது ஒரு தெருவின் பியூஸைப் பிடுங்குவார். ஒரு மணி நேரம் சூடு ஆறும். பிடுங்காவிட்டால் நாலு தெருவும் சேர்ந்து படுத்துவிடும்.

அன்றைக்கும் பிடுங்கினார். மூணாம் தெரு.

"பிடிங்கய்யா அந்த ஆளை!"

தையல்கடை அக்கா கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஓடி வந்தாள். பின்னாலேயே ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு. அவருக்குப் பின்னால் தெருவே.

"அஞ்சு மணிக்கு நாப்பது யூனிஃபார்ம் குடுக்கணும். மெஷின் பாதித் தையல்ல நிக்குது. குடுக்கலேன்னா அடுத்த ஆர்டர் வேற கடைக்குப் போயிடும். உனக்கென்ன, பிடுங்கிட்டுப் போயிடுவே!"

"இப்ப இது மேல முட்டையை உடைச்சு ஊத்தினா ஆம்லெட் வரும்மா. கொஞ்ச நேரம் லோடை இறக்கித்தான் ஆகணும்."

"இறக்கு. யாரு வேண்டாம்னா? நாலு தெரு இருக்குல்ல?" வாத்தியார் விரலை மடக்கினார். "முறைப்படி பார்த்தா எங்களுக்கு நாலு நாளைக்கு ஒரு தரம்தான் வரணும். பதினோரு நாளா தினமும் நாங்கதான். இது எந்த ஊர்க் கணக்குய்யா?"

லைன்மேன் பிடுங்கின பியூஸைப் பையில் போட்டார்.

"ரெண்டாம் தெருக்காரங்க நல்லா கவனிச்சிட்டாங்களோ?"

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"அப்போ எங்க தெருவைத்தான் இறக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்களா?"

"இல்ல சார். அது என் இஷ்டம்தான்."

"கேட்டீங்களா! அவனே ஒத்துக்கிட்டான்." வாத்தியார் ஒரு மனுவை நீட்டினார். "நாப்பத்தெட்டு கையெழுத்து. காலையில உங்க பெரிய ஆபீஸருக்குப் போகுது. உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தலேன்னா பாரு."

லைன்மேன் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிப் பார்த்தார். முதல் கையெழுத்திலேயே கண் நின்றுவிட்டது.

"என்ன அதையே பாக்குறே? தனியா போய் மிரட்டலாம்னா?" அக்கா சீறினாள். "கடைசியில இருக்குற தகரக் கூரை வீட்டுக்காரி அவ. பாவம், கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. புருஷன் விடியறதுக்கு முன்னாடி போனா, எல்லாரும் படுத்த பிறகுதான் வருவானாம். 'அந்த ஆளை விடாதீங்கக்கா'ன்னு என் கையில இருந்த பேனாவைப் பிடுங்கி முதல் கையெழுத்தைப் போட்டா."

"போடுவா. நேத்தே சொன்னா."

"யாருகிட்ட? உன்கிட்டயா?"

"எம் பொண்டாட்டிங்க அவ."

வாத்தியாரின் விசிறி அட்டை பாதியில் நின்றுவிட்டது.

"தெரிஞ்சேவா உன் பிள்ளையைப் புழுங்க விடுறே?"

"யார் வீட்டுப் பிள்ளையாவது புழுங்கித்தானே சார் ஆகணும். அடுத்த தெருவை முதல்ல இறக்கிட்டு, நான் எப்படிப் போய் என் வீட்டு ஃபேனுக்கு அடியில உக்காருவேன்?"

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"யோவ்! நீ யோக்கியனா இருக்குறதுக்கு எங்க தெருதான் கிடைச்சுதா?"

"குடியிருக்கிறது இங்கதானேம்மா."

மனுவை வாத்தியார் கையில் கொடுத்துவிட்டு, ஏணியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடந்தார் லைன்மேன்.