தொப்பியில் குத்தியிருந்த பூச்சி

"இது நான் கட்டினது இல்லை."

ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள். ஆற்றுக் காவலரின் உள்ளங்கையில் ஒரு சின்னத் தூண்டில் முள் இருந்தது. அதில் மஞ்சள் பட்டு நூலால் கௌதாரி இறகு கட்டியிருந்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை.

"நல்லாப் பாருங்கம்மா. பாலத்துக்குக் கீழ ஒரு தொப்பி கிடைச்சுது. அதுல குத்தியிருந்தது."

"பார்த்துட்டேன். என் கைவேலை எனக்குத் தெரியாதா?"

ட்ரவுட் மீன் பிடிக்கிறவர்களுக்கு முள்ளில் பட்டு நூலையும் இறகையும் சுற்றிப் பொய்ப் பூச்சி கட்டிக் கொடுப்பது அவள் வேலை. இறகு பூப்போல இருக்க வேண்டும், அதையும் அதிகம் சுற்றக் கூடாது. அப்போதுதான் தண்ணீருக்குள் அது உயிருள்ளதுபோல் விரிந்து சுருங்கும், மீனும் நம்பி வாயைத் திறக்கும்.

பூச்சி வாங்க வந்த இடத்தில்தான் அவள் கணவனும் பழக்கமானான். "நீ கட்டினதுல மாட்டின பெரிய மீன் நான்தான்" என்று கல்யாணத்துக்குப் பிறகும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

வெளியூர்க்காரர்களை ஆற்றுக்கு அழைத்துப் போய் மீன் பிடிக்க வைப்பது அவன் தொழில். நேற்று மத்தியானம் மலைப்பக்கம் கொட்டிய மழையில் திடீரென்று வெள்ளம் வந்துவிட்டது. கூட வந்தவர் வழுக்கி விழ, அவரைப் பிடித்துக் கரையில் தள்ளிவிட்டான். அவனுக்குக் கரை எட்டவில்லை.

அதிலிருந்து அவள் மேசையை விட்டு எழவில்லை. இடுக்கியில் முள்ளைப் பொருத்துவதும், கட்டுவதும், பிடிக்காமல் பிரிப்பதுமாக இருந்தாள். "எங்கயாவது கரையேறி, யார் வீட்டுலயாவது போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு மாமா" என்று மாமனாரிடம் அவர் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமனாருக்கு இதய ஆபரேஷன் ஆகி அதிக நாளாகவில்லை. அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலையில் மாத்திரை வாங்கக் கிளம்பியவர் வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். "கடை திறக்கலைம்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், அப்புறம் வாயே திறக்கவில்லை.

இப்போதுதான் முதல்முறையாகப் பேசினார்.

"அவ இல்லைன்னா இல்லைதான். நீங்க கிளம்புங்க சார்."

காவலர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பூச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

"பார்த்தீங்களா மாமா, யாரோடதோ" என்றாள். அவள் குரல் வேண்டுமென்றே கலகலப்பாக இருந்தது. "தொப்பி போட்டவங்க எல்லாரும் இவராகிட முடியுமா?"

"முடியாதும்மா."

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுவாரு பாருங்க. வந்ததும் நான் கேட்கிற கேள்வியில, திரும்ப ஆத்துக்கே ஓடிடுவாரு."

மாமனார் சிரிக்க முயன்றார். உதடு மட்டும் அசைந்தது. அவள் மறுபடி நூலை எடுத்து முள்ளில் சுற்றினாள். கொஞ்சம் அழுத்திவிட்டாள் போலிருக்கிறது, பட்டு அறுந்து இறகு மேசை மேல் உதிர்ந்தது.

"கேட்டைச் சாத்திட்டு வந்துடறேன் மாமா."

"போயிட்டு வாம்மா. மெதுவாவே வா."

வாசற்படி தாண்டும் வரை நிதானமாக நடந்தாள். பிறகு ஓடினாள். காவலர் பைக்கை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அதைக் கொடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் அதை விரல்நுனியில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"தலைக்குக் கீழ ஒரு சுத்து சிவப்பு நூல் தெரியுதா? இவருக்குக் கட்டறதுக்கு மட்டும்தான் போடுவேன். கடைக்குப் போற எதுலயும் இருக்காது." மூச்சு வாங்கியது. "நான்தான் கட்டினேன். போன வாரம்."

காவலர் தலைகுனிந்தார்.

"தொப்பி மட்டும்தான் கிடைச்சுதாண்ணே?"

அவர் நிமிரவில்லை. இல்லை என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினார்.

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையை வாய்க்குள் திணித்து அழுகையை நிறுத்தினாள். ஜன்னல் திறந்திருந்தது.

"மாமா எதிர்ல வேற என்னண்ணே சொல்ல முடியும்? ஒரே பிள்ளை. இப்பச் சொன்னா அந்த நாற்காலியிலயே போயிடுவாரு. டாக்டரைக் கூட்டிட்டு வந்து, பக்கத்துல உட்கார்த்தி வச்சு, நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் யாரும் இந்தப் பக்கம் வராம மட்டும் பார்த்துக்கங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்."

காவலருக்குக் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

"நானா இந்தப் பூச்சியைக் கொண்டு வரலைம்மா. தொப்பியிலேருந்து எடுத்து என் கையில கொடுத்தது வேற ஒருத்தர். 'என் வாயால சொல்ல முடியாது. நீங்க இதைக் காட்டுங்க, அவ புரிஞ்சுக்குவா. புரியாத மாதிரி இருந்தா, வற்புறுத்தாம வந்துடுங்க'ன்னு சொல்லி அனுப்பினாரு."

"யாருண்ணே அது?"

"விடிஞ்சதும் வந்து உடம்பை அடையாளம் காட்டின உங்க மாமனாருதாம்மா."